‘ஓரிரு இடங்களில்’ என்றால் மாவட்டம் முழுக்க அல்ல

திருவாரூர் மாவட்டத்துக்குக் கனமழை என்று வானிலை மையம் அறிவித்தது, அதே மாவட்டத்தில் குடவாசல் பக்கம் தூறல்கூட இல்லை, ஆகவே அறிவிப்பு பொய் என்று சிலர் சொல்கிறார்கள். எரிச்சல் நியாயம்தான், உரம் வீசுவதைத் தள்ளிப்போட்டவருக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் அறிவிப்பில் இருந்தது ‘ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு’ என்பது. டிவியில் அது ‘கொட்டித் தீர்க்கும்’ ஆகிவிடுகிறது, அது வேறு கதை.

வானிலைத் துறையில் இவை அளந்து வைத்த சொற்கள். ஓரிரு இடங்கள் என்றால் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. சில இடங்கள் 26–50, பல இடங்கள் 51–75, பெரும்பாலான இடங்கள் அதற்கும் மேல். கனமழை என்பதும் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை. ஆக அதே மாவட்டத்து நன்னிலத்தில் மட்டும் 7 செ.மீ. பெய்து குடவாசல் காய்ந்து கிடந்தாலும் அந்த அறிவிப்பு பலித்ததாகவே கணக்கு.

நீங்களே சரிபார்க்கலாம். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் தினசரி மழைப் பட்டியல் வரும், ஊர்வாரியாக, செ.மீ. கணக்கில். கனமழை எங்கெல்லாம் பெய்தது என்று பார்க்க, 7-ம் அதற்கு மேலும் உள்ள ஊர்களை எண்ணுங்கள். தேதியில்தான் பலர் இடறுவார்கள்: இன்றைய பட்டியல் நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது. இன்று பத்து மணிக்குப் பெய்த மழையை நாளைய பட்டியலில் தேடுங்கள்.