ஒரு மிட்டாய், ஆறு துண்டு

நேற்று ராத்திரி ‘தி பியானிஸ்ட்’ படத்தை மறுபடி பார்த்தேன். 2002இல் வந்த படம். ‘இசை ஒரு மனிதனைக் காப்பாற்றிய கதை’ என்று இதைப் பற்றி யாராவது எழுதினால் எனக்குச் சண்டைக்குப் போகத் தோன்றும்.

படத்தின் நாயகன் விளாதிஸ்லாவ் ஸ்பில்மன் நிஜ மனிதர். போலந்து வானொலியின் பியானோ கலைஞர், யூதர். போலந்தின் தலைநகர் வார்சாவில் 4 லட்சம் யூதர்களுக்கு மேல் ஒரு மதில் சுவருக்குள் அடைத்து வைத்திருந்தது, இரண்டாம் உலகப் போரில் அந்த நாட்டைப் பிடித்திருந்த நாஜி ஜெர்மனி. 1942 கோடையில் அங்கிருந்து திரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்கள் கிளம்பின.

ரயிலுக்காக வெயிலில் கூட்டம் காத்துக் கிடக்கிறது. அந்த நேரத்திலும் ஒரு பையன் மிட்டாய் விற்கிறான். ஒன்று 20 ஸ்லோட்டி (போலந்து நாணயம்). கொள்ளை விலை. குடும்பத்தில் எல்லோரிடமும் இருக்கிற சில்லறையைத் திரட்டி ஸ்பில்மனின் அப்பா ஒன்றே ஒன்று வாங்குகிறார். பேனாக்கத்தியால் ஆறாக நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுக்கிறார். குடும்பம் சேர்ந்து சாப்பிட்டது அதுதான் கடைசி. அழச் சொல்லி வயலின் எதுவும் வாசிக்கவில்லை. இயக்குநர் போலன்ஸ்கியே சிறுவயதில் போலந்தின் கிராக்கோ நகரில் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவிலிருந்து தப்பியவர், தாயை ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் பறிகொடுத்தவர். (அமெரிக்காவில் பாலியல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1978இல் தண்டனைக்கு முன் ஓடிப்போனவரும் அவர்தான். அதை மறந்துவிட்டுப் படம் பார்க்க எனக்கு வராது. ஆனாலும் பார்க்கிறேன்.)

சரி, ஸ்பில்மன் எப்படிப் பிழைத்தார்? தெரிந்த போலீஸ்காரன் ஒருவன் வரிசையிலிருந்து பிடித்து வெளியே இழுத்துத் தள்ளினான். அப்பா, அம்மா, தம்பி, தங்கைகள் எல்லோரும் ரயில் ஏறிவிட்டார்கள். அப்புறம் போலந்துக்காரர்கள் வீடு வீடாக மாற்றி ஒளித்து வைத்தார்கள். யூதரை ஒளித்து வைத்தால் அன்றைக்கு மரண தண்டனை. அப்படி ஒரு வீட்டில் பியானோவும் இருக்கிறது. ஆனால் சத்தம் வந்தால் செத்தான். கட்டைகளைத் தொடாமல், காற்றில் விரலை ஓட்டி வாசிக்கிறார் ஸ்பில்மனாக நடித்த ஏட்ரியன் பிராடி. நமக்கு மட்டும் முழு இசையும் கேட்கிறது.

கடைசியில் இடிந்த நகரம். தாடியும் எலும்புமாக ஒரு ஊறுகாய் டப்பாவைத் திறக்கப் போராடுகிறார். டப்பா கைதவறி உருண்டுபோய் ஒரு ஜெர்மன் அதிகாரியின் பூட்ஸ் பக்கத்தில் நிற்கிறது. ‘வாசி’ என்கிறார் அதிகாரி. போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் இசையை வாசிக்கிறார். எல்லோரும் உருகுகிற காட்சி, நானும்தான். ஆனால் ஹோசன்ஃபெல்ட் என்ற அந்த நிஜ அதிகாரி அதற்கு முன்பே வேறு சிலரையும் காப்பாற்றியவர். வாசிப்பு சொதப்பியிருந்தாலும் அவர் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பாவம், 1952இல் சோவியத் சிறைப் பிடியில் செத்தார்.

படத்தில் அடுத்து அந்த அதிகாரி ஒரு பொட்டலத்தோடு வருகிறார். பிரித்தால் ரொட்டி, ஜாம். கூடவே, டப்பா திறக்கிற கருவி.