எஸ்எஸ்எல்லை அணைப்பது தீர்வல்ல
சுமைச் சோதனைக் கருவியான ஜேமீட்டரைப் பல இயந்திரங்களில் சேர்த்து ஓட்டும்போது கீஸ்டோர் (சாவியும் சான்றிதழும் உள்ள கோப்பு) பிழை வந்தால், அவை பேசிக்கொள்ளும் ஆர்எம்ஐ இணைப்பின் எஸ்எஸ்எல் பாதுகாப்பை அணைத்துவிடலாம், சோதனைதானே என்கிறது மேலே உள்ள கட்டுரை. இதை ஏற்கவே முடியாது. அணைத்துவிட்டால், ஆர்எம்ஐ இயல்பாகப் பயன்படுத்தும் 1099 போர்ட்டை எட்ட முடிந்த எவரும் தன் டெஸ்ட் பிளானை (சோதனைத் திட்டக் கோப்பை) அனுப்பி, அதற்குள் வைத்த ஸ்கிரிப்டை உங்கள் ஜேமீட்டர் சர்வரில் (சுமையை உருவாக்கும் இயந்திரத்தில்) ஓடவிடலாம். ஜேமீட்டர் 4.0 பதிப்பிலிருந்து எஸ்எஸ்எல் இயல்பாகவே இயங்குவது இதற்காகத்தான். ஜேமீட்டரின் பின் (bin) ஃபோல்டரில் உள்ள கீஸ்டோர் ஸ்கிரிப்டை ஒரே ஒரு இயந்திரத்தில் ஓட்டி, பெயர் கேட்கும் இடத்தில் ஆர்எம்ஐ (rmi) என்றே கொடுத்து, கிடைக்கும் கோப்பை சோதனையை இயக்கும் கன்ட்ரோலர் உட்பட எல்லா இயந்திரங்களின் பின் ஃபோல்டருக்கும் நகலெடுங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக உருவாக்கினால் சான்றிதழ்கள் பொருந்தாமல் ஹேண்ட்ஷேக் (இணைப்பின் தொடக்கச் சரிபார்ப்பு) முறியும். அந்தச் சான்றிதழ் 7 நாள்தான் செல்லும். "போன வாரம் ஓடியது, இன்று ஓடவில்லை" என்று மேலே கருத்துகளில் ஒருவர் எழுதியதற்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வேலிடிட்டி நாட்களைக் கூட்டி ஜாவாவின் சான்றிதழ்க் கருவியான கீடூலில் மறுபடி உருவாக்கலாம், சேஞ்சிட் (changeit) என்ற இயல்புக் கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இணைப்பு கிடைத்தும் முடிவுகள் திரும்பாவிட்டால் ஃபயர்வாலைப் பாருங்கள்: சர்வர்கள்தான் கன்ட்ரோலரைத் திருப்பி அழைக்கின்றன, அந்தப் போர்ட் இயல்பில் ஒவ்வொரு முறையும் மாறும். கன்ட்ரோலரில் கிளையன்ட் லோக்கல்போர்ட் (client.rmi.localport) அமைப்பை 4000 என்று நிலைப்படுத்தினால் 4000 முதல் 4002 வரை திறந்தால் போதும்.