நிவாரணம் மட்டும் போதாது

சண்டை நடக்கும் இடத்துக்கு நிவாரணம் போனால் சமாதானமும் முதலீடும் பின்னாடியே வரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது பாதிதான் சரி. 2004 சுனாமி, அரசும் பிரிவினைப் போராளிகளும் மோதிக்கொண்டிருந்த இந்தோனேசியாவின் ஆச்சேயையும் அடித்தது, இலங்கையையும் அடித்தது. ஆச்சேக்கு 2005 ஆகஸ்ட் 15-ல் பின்லாந்தின் ஹெல்சின்கியில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி, டிசம்பருக்குள் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். இலங்கையிலோ நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிட அரசும் புலிகளும் ஜூனில் போட்ட ஒப்பந்தத்தின் முக்கியப் பகுதிகளை ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது, அடுத்த வருஷம் மறுபடியும் சண்டை. எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வரும் மதுரை ஆனையூர் இலங்கை அகதிகள் முகாம் அண்ணன் ஒருவர், "வீடு கட்டித் தருவாங்க சரி, திரும்பக் குண்டு விழாதுன்னு யார் சொல்றது?" என்று கேட்டார். தொழில் தொடங்கப் பணம் போடுகிறவரும் இதைத்தானே கேட்பார்? அதனால் அரிசி, சிமென்ட் யார் கையால் யாருக்குப் போகிறது என்பதை சண்டை போடும் இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து முதல் மாதத்திலேயே முடிவு செய்ய வேண்டும், அதை ஊர் மக்கள் பார்க்கும்படி எழுதி ஒட்டவும் வேண்டும்.