கையாடல்னா கவுரவமான திருட்டா?

ஞாயித்துக்கிழமை மந்தைல ஊர்க்கூட்டத்துல நடந்தது ஊருக்கே தெரியும், திரும்ப எழுதல. திருவிழா வரிப்பணத்துல துண்டு விழுந்ததைக் கேட்டேன், வாய் தவறி பொருளாளர "திருடிட்டாரு"ன்னு வந்துருச்சு. ஒடனே ஒரு அண்ணன் எந்திரிச்சு "வார்த்தைய அளந்து பேசு தம்பி, அது திருட்டு இல்ல, சின்னக் கையாடல்"ங்கிறாரு. சின்னக் கையாடலாம்! என்னமோ சட்னில காரம் கம்மியா கேட்ட மாதிரி.

அண்ணே, திருடன் நாம குடுக்காததை எடுக்குறவன். கையாடுறவன் நாம நம்பிக் குடுத்ததுல கை வைக்கிறவன். பிரிச்சுப் பாருங்க, கை, ஆடல். எந்தக் கைல உண்டியல் சாவியக் குடுத்தோமோ அதே கை ஆடுது. கையாள்றதுக்கும் கையாடுறதுக்கும் நடுவுல ஒரே எழுத்துதான், நம்ம வரிப்பணம் பூராம் அந்தச் சந்துலதான் போகுது.

"சட்டத்துலயே ரெண்டும் வேறதானே"ன்னு ஒரு வக்கீலு வருவாரு. ஆமா சார், வேறதான். 2024 ஜூலைல வந்த புதுச் சட்டத்துல சாதாத் திருட்டுக்கு 3 வருசம் வரைக்கும், நம்பிக் குடுத்ததுல கை வைக்கிற நம்பிக்கை மோசடிக்கு 5 வருசம் வரைக்கும், அதையே அரசு ஊழியரோ பேங்க்காரரோ பண்ணுனா ஆயுள் வரைக்கும் போகும். எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க.

மதுரைக்காரய்ங்களுக்கு இதை வெளக்கணுமா? அரசி சிலம்பை அமுக்குனது அரண்மனையில வேலை பாத்த பொற்கொல்லன். கள்வன்னு பட்டம் வாங்கிச் செத்தது சிலம்பு விக்க வந்த வெளியூர்க்காரன். போன வருசம் கோயில்ல ரெண்டு தேங்கா எடுத்த பயல வேப்பமரத்துல கட்டி வச்சாய்ங்களே, அப்ப எந்த அண்ணனும் எந்திரிச்சு "சின்னக் கையாடல்"னு சொல்லலையே?

எங்கப்பா கீழமாசி வீதில ஒரு கடைல 22 வருசம் கணக்குப்பிள்ளை. கடைக்காசு மஞ்சப்பையில, சொந்தக்காசு சட்டைப்பையில. ஒரு நாளு பேங்க்ல இருந்து வர்ற வழில மஞ்சப்பைக் காசுல டீ குடிச்சுட்டாரு, வந்ததும் செருப்பக் கூட கழட்டல, சிட்டைல "டீ, என் பற்று"ன்னு எழுதிட்டுத்தான் உக்காந்தாரு. அந்தாளு மகன்யா நான், என்னப் பாத்தா வார்த்தைய அளக்கச் சொல்ற?

"பொருளாளர் பதவி கெடைக்கல, அந்தக் காண்டு"ன்னு சொல்றாய்ங்களாம். ஆமா, ரெண்டு வருசம் முன்னாடி கேட்டேன், தரல. அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? கணக்கு நோட்டக் காட்டுங்கன்னுதானே கேட்டேன்.

இந்த வருச நோட்டீஸ் நேத்து வந்துருச்சு, பொருளாளர்னு அவரு பேருதான். தலைக்கட்டு வரி 500 நானும் குடுத்துட்டேன். ரசீது அப்புறம் தர்றேன்னாரு.