பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என்ன குறை?

நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கமிருந்து விடிந்தும் விடியாமலும் வான்கள் திருகோணமலை நகரத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி வருகின்றன. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். பாதிப் பேர் சாப்பிடாமல் ஏறி, தூங்கி வழிந்துகொண்டு வருகிறார்கள். வரும் வழியில் எத்தனை ஆரம்பப் பாடசாலைகளைத் தாண்டுகிறார்கள் என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்.

என் மகள் அப்படித் தாண்டிப் போகிற பாடசாலை ஒன்றில்தான் படிக்கிறாள். "ஏன், டவுனில் இடம் கிடைக்கவில்லையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நாங்கள் இடம் கேட்கவே இல்லை. வகுப்பில் பிள்ளைகள் குறைவு. யார் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார், யார் காலையில் வெறுவயிற்றோடு வந்திருக்கிறார் என்று ரீச்சருக்குத் தெரியும். மகள் நடந்து போய், நடந்து வருகிறாள். பின்னேரம் விளையாட அவளுக்கு நேரம் இருக்கிறது. இந்த வயதில் இதைவிட வேறென்ன வேண்டும்?

நம் ஆட்கள் ஒரு பாடசாலையை அளப்பது தரம் 5 புலமைப்பரிசிலை வைத்துத்தான். எத்தனை பேர் வெட்டுப்புள்ளிக்கு மேல், வாசலில் எவ்வளவு பெரிய பதாகை, அவ்வளவுதான். அந்தப் பரீட்சை வந்ததே, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கொடுக்கவும், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தரம் 6இல் நல்ல பாடசாலை கிடைக்கவும். இன்றைக்கு அது தரம் 3இலேயே ரியூசனுக்கு ஓட வைக்கிற பரீட்சை. 1999இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றும் வேண்டும் என்றது. தரம் 1, 2 பிள்ளைகளுக்கு விளையாட்டும் செயற்பாடும்தான் முதலில். அந்த வயதுப் பிள்ளையை மாதிரி வினாத்தாளுக்கு முன்னால் இருத்துவதை என்னால் ஏற்க முடியாது.

சரி, எங்கள் பாடசாலையில் குறையே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆங்கில ரீச்சர் இடமாற்றம் பெற்றுப் போனார். அந்த இடம் இன்னும் வெறுமைதான். ஆடி, ஆவணி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் அவிந்து போகிறார்கள். மலசலகூடத்தில் தண்ணீர் வராத நாளில் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே இருந்து வீட்டுக்கு வருகிறார்கள். எனக்குக் கடும் கோபம் வருவது இதில்தான்.

ஆனால் இந்தக் குறைகள் தீராததற்கு ஒரு காரணம், கேட்கக்கூடிய பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டதுதான். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஆசிரியர்களை ஒதுக்குகிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர்கள் குறைவார்கள், அப்புறம் இரண்டு தரத்தை ஒரே வகுப்பில் இருத்துவார்கள், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் விலத்துவார்கள். கடைசியில் மிஞ்சுவது வான் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள்: கடலுக்குப் போகிறவரின் பிள்ளை, கூலி வேலைக்குப் போகிற தாயின் பிள்ளை. 1945இல், அப்போது கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது இந்தப் பிள்ளைகளுக்காகத்தான். இன்றைக்கு வான் காசும் ரியூசன் காசும் இல்லாவிட்டால் நல்ல பாடசாலை இல்லை என்று நாங்களே ஆக்கி வைத்திருக்கிறோம்.

நகரத்துப் பாடசாலைகளை நான் குறை சொல்லவில்லை. அங்கேயும் நெருக்கடி, ஒரு வகுப்பில் அத்தனை பேரையும் ஒரு ரீச்சர்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த வருடம் தரம் 1இல் பிள்ளையைச் சேர்க்க இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் நிரப்ப முதல், அதிபரிடம் கேட்டுக்கொண்டு உங்கள் பக்கத்துப் பாடசாலைக்கு ஒரு நாள் போங்கள். தரம் 3 பிள்ளை ஒன்றைத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இடைவேளையில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மலசலகூடக் குழாயைத் திறந்து பாருங்கள். பிடித்திருந்தால் அங்கேயே சேருங்கள். தண்ணீர் வரவில்லையென்றால் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சேர்ந்தே கேட்போம், தேவைப்பட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் சேர்ந்தே போவோம்.