வர்ம அடிக்கு எத்தனை பாயின்ட்?

நாகர்கோவிலில் எங்கள் ரோல்பிளேயிங் குழு (ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பேசியே கதையை நகர்த்தும் விளையாட்டு) இப்போது ஆடுவது 1741-இல் நடக்கும் கதை. குளச்சலில் டச்சுக்காரர்கள் இறங்கிவிட்டார்கள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை வந்துகொண்டிருக்கிறது. கதாபாத்திரத்தை உருவாக்கும்போது கையில் இருக்கும் பாயின்ட்டைக் கொடுத்துத்தான் திறன்களை வாங்க வேண்டும். இதில் வர்மம், அதாவது உடலின் நுட்பமான இடங்களில் தட்டி ஆளைச் சாய்க்கும் கலை, தெரிந்த கதாபாத்திரத்துக்கு 10 பாயின்ட் விலையா, 50 பாயின்ட்டா என்று இரண்டு கட்சி. இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி.

பாயின்ட் கொடுத்துத் திறன் வாங்கும் முறையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. விலையை ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது. திறனோ ஒவ்வோர் ஆட்டத்திலும் வேலை செய்கிறது. இந்த முறையில் ஆடும் கர்ப்ஸ் (GURPS) என்ற விளையாட்டு 1986-இல் வந்தபோது வலிமை, சுறுசுறுப்பு, அறிவு, உடல்நலம் நான்குக்கும் ஒரே விலை. வாள்வீச்சுக்குச் சுறுசுறுப்பு, பூட்டைத் திறக்க அறிவு என்று பெரும்பாலான வித்தைகள் அந்த இரண்டில்தான் தொங்கின. பிறகு வலிமையை யார் சீந்துவார்கள்? 2004-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் அவ்விரண்டுக்கும் படிக்கு 20 பாயின்ட், மற்றவற்றுக்கு 10 என்று ஆக்கினார்கள்.

சரியான திருத்தம்தான். ஆனால் நீச்சலுக்கு எந்த விதிப் புத்தகம் சரியான விலை சொல்லும்? குளச்சல் கடலில் வள்ளம் கவிழ்ந்தால் அதுதான் உயிர். கதை உதயகிரிக் கோட்டைக்குள் நகர்ந்துவிட்டால் அதே நீச்சல் தண்டச் செலவு.

இதைவிட எரிச்சல், பலவீனத்துக்குக் கொடுக்கும் முன்பணம். ‘கடல் பயம்’ என்று எழுதிப் பாயின்ட் வாங்கிக்கொண்டு, கதை முழுக்கக் கரையிலேயே நிற்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். (எங்கள் குழுவில் இருவர். பெயர் சொல்ல மாட்டேன்.) ஃபேட் (Fate) என்ற இன்னொரு ரோல்பிளேயிங் விளையாட்டில் இந்தப் பேச்சே இல்லை. பலவீனம் எப்போது உண்மையில் காலை வாருகிறதோ, அப்போதுதான் கூலி.

திறனுக்கும் அப்படியே செய்யலாம். உடலில் வர்மப் புள்ளிகள் 108, அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்றவை தொடுவர்மம் 96 என்பது நம் ஊர் ஆசான்மார் கணக்கு. அடி தெரிந்தவனுக்கு இளக்குமுறையும் (அடிபட்டவனைத் தடவித் தட்டி மீட்கும் வைத்தியம்) தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த கட்டுப்பாடுதான். அதையே விதியாக்கினோம்: வர்மத்துக்குப் பாயின்ட் கிடையாது, ஆனால் அடித்தவன் இளக்காமல் போனால், அடுத்த ஆட்டம் முழுக்க அவன் கைக்கு வர்மம் வசப்படாது.

போன வாரம் ஆட்டத்தில் எங்கள் ஆசான் கதாபாத்திரம் ஒரு டச்சுக் காவலனை ஒரே தட்டில் சாய்த்தார். அப்புறம் அவன் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தார். மதில் மேலிருந்து மற்றவர்கள் “வாரும் ஓய்!” என்று பல்லைக் கடிக்கிறார்கள். 50 பாயின்ட் வைத்திருந்தால் இந்தத் தவிப்பு வந்திருக்குமா? எதிர்க்கட்சிக்காரர்கள் பதில் எழுதலாம், ஆனால் கணக்கோடு எழுதுங்கள்.