சிலம்பை முகட்டில் வைக்காதேங்கோ

அக்காவின் மகள் தரம் 9 படிக்கிறாள். போன கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு சித்திர வேலை கொடுத்திருக்கிறார்கள். இலக்கியத்தில் வருகிற ஒருவரின் குணத்துக்குப் பொருத்தமாக ஒரு கட்டடம் கீறிக்கொண்டு போக வேணும். அவள் கண்ணகியை எடுத்தாள். நான் வீட்டுப் பிளான் கீறிப் பிழைக்கிறவன் என்றபடியால் கொப்பி நேரே என்னிடம் வந்தது.

ஏழு மாடி. உச்சியில் முகட்டுக்குப் பதிலாகப் பெரிய சிலம்பு ஒன்று. யன்னல் எல்லாவற்றிலும் நெருப்பு. நல்லாய் நிறம் தீட்டியிருந்தாள். "சிலம்பைக் கையால மறைச்சுப்போட்டுப் பார், மிச்சக் கட்டடம் ஆற்ற?" என்று கேட்டேன். "சிலம்பு இல்லாட்டி இது கண்ணகின்ர வீடெண்டு எப்பிடி மாமா தெரியும்?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. சிலப்பதிகாரத்தை எடுத்து, கதைக்காக இல்லாமல் கட்டடங்களுக்காக மட்டும் திரும்ப வாசித்தேன். பிறகு மணிமேகலையையும். வாசித்தது மனதில் நிற்கும்போதே எழுதிவிட வேணும் என்றுதான் இந்தப் பதிவு.

கதாபாத்திரங்களைக் கட்டடங்களாகக் கீறுவது நல்ல வேலை. இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஃபெடரிகோ பபினா எழுத்தாளர்களையே கட்டடங்களாகக் கீறி ஒரு தொடர் செய்திருக்கிறார். ஆனால் எங்கள் ஆட்கள் கீறிப் பகிர்கிறவற்றில் கூடுதலானவை, இராவணனுக்குப் பத்துக் கோபுரமும் வீணை வடிவில் ஒரு பாலமும் என்கிற மாதிரித்தான் வருகின்றன. அதைப் பார்த்து ஆள் ஆரென்று பிடித்துவிடலாம், அவ்வளவுதான். ஒருவரின் குணம் கட்டடத்தில் வாசலில் இருக்கும், யன்னலில் இருக்கும், வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதில் இருக்கும், வருகிற ஆள் எதுவரைக்கும் உள்ளே வரலாம் என்பதில் இருக்கும். டிக்கன்ஸின் நாவல் ஒன்றில் மிஸ் ஹாவிஷம் என்றொரு பெண் வருகிறாள். கல்யாண நாளன்றே கைவிடப்பட்டவள். அவளின் வீட்டில் மணிக்கூடுகள் எல்லாம் 8.40இல் நிற்கின்றன. சில யன்னல்களைச் சுவர் வைத்தே மூடியிருக்கிறார்கள். மோதிர வடிவில் அங்கே ஒரு கூரையும் இல்லை. அந்த யன்னல்களே அவளைச் சொல்லிவிடுகின்றன.

இளங்கோ கண்ணகியை இரண்டு வீட்டில் வைத்துப் பார்க்கிறார். முதலாவது புகார் நகரத்தில் உயர்ந்த மாடம். கோவலனின் தாய் அவர்களைத் தனிக்குடித்தனம் வைத்த வீடு. புகார் மாளிகைகளின் யன்னலுக்கு அவர் சொல்கிற பெயர் மான்கண் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண்போலத் துளை வைத்த காற்றுவழி. அப்படியொரு யன்னலுக்குள் இருக்கிறவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு அவரின் முகம் தெரியாது. கோவலன் மாதவியிடம் போய்விட்ட காலம் முழுக்கக் கண்ணகி அப்படித்தானே இருந்தாள்.

இரண்டாவது வீடு மதுரைக்கு வெளியே. மாதரி என்கிற இடைச்சி, அடைக்கலமாக வந்தவளுக்குக் கொடுத்த செம்மண் பூசின சின்ன வீடு. கண்ணகி தன் கையால் சமைத்து, வாழைக்குருத்தில் கோவலனுக்குச் சோறு போடுவது இங்கேதான். என்னைக் கேட்டால் இதுதான் அவளின் வீடு. முதலாவது அவளை வைத்திருந்த வீடு.

இது எனக்கு விளங்கியதற்கு அம்மம்மா காரணம். மீள்குடியேறின பிறகு திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குள்ளே ஒரு குசினி இருந்தது. அம்மம்மா அதில் ஒருநாளும் உலை வைக்கவில்லை. பின்வளவில் நாலு கப்பு நட்டு, கிடுகு போட்டு, மண்ணால் அடுப்புக் கட்டினா. உள்ளேயிருந்த குசினியில் நெல்லு மூட்டைதான் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடும் ஒரே பிளான்தான். வந்து பாருங்கோ, இன்றைக்கு ஒன்றுபோல் ஒன்றில்லை. ஒருவர் முன்னுக்குத் தகரம் இறக்கிச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஒரு வீட்டில் மகனின் படம் தெரிய வேணும் என்பதற்காகவே வாசலுக்கு நேரே இருந்த யன்னலை அடைத்துச் சுவராக்கியிருக்கிறார்கள். பிளான் கீறுகிற ஆள் நான், ஆனால் வீட்டுக்குக் குணம் எங்கிருந்து வருகிறது என்று இந்த ஒழுங்கைதான் எனக்குக் காட்டினது.

கண்ணகியின் வீட்டில் நெருப்பைக் கீறுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. மதுரையை எரித்தாள், உண்மை. ஆனால் எங்களுக்கு அவள் முல்லைத்தீவு நந்திக்கடல் கரையில் வற்றாப்பளையில் வந்து குளிர்ந்த அம்மன். வைகாசிப் பொங்கலுக்குக் கடல் தண்ணீரில் விளக்கு எரிக்கிற ஊர்க்காரர் நாங்கள். வன்னியில் வளர்கிற பிள்ளை கண்ணகிக்கு வீடு கீறினால் அதில் தண்ணீர் இருக்க வேணும். நான் கீறிப் பார்த்ததில் தெருப்பக்கம் முழுக்கத் தடித்த மண்சுவர், குனிந்து போகிற அளவில் ஒரே ஒரு கதவு. பின்பக்கம் சுவரே இல்லை, நேரே களப்பு. உள்ளே எவ்வளவு காலமும் பேசாமல் இருக்கலாம். எழும்பி நடக்கத் தொடங்கினால் மறிக்க ஒன்றுமில்லை.

மாதவிக்கு நான் கற்பனை செய்யத் தேவையே இருக்கவில்லை. அவள் முதன்முதல் மேடையேறி ஆடுகிற அரங்கேற்று காதையில் இளங்கோ முழுப் பிளானும் தந்திருக்கிறார். 24 விரல் ஒரு கோல். அரங்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். மேலே உத்தரப் பலகைக்கும் அரங்கின் பலகைக்கும் இடையில் 4 கோல். இரண்டு வாசல், மூன்று திரை. ஒரு கோலை ஒன்றரை அடி என்று வைத்தால் பத்தரைக்குப் பன்னிரண்டு அடி, இரண்டு அடி என்று வைத்தால் பதினாலுக்குப் பதினாறு. வருகிறவர்களுக்கு நான் நாளாந்தம் கீறிக் கொடுக்கிற அறைகளின் அளவு! ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் தீர்மானித்த இடம் அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

அதைவிட ஒரு விபரம் இருக்கிறது. தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேணும். ஆடுகிறவளை எல்லாரும் முழுமையாகப் பார்ப்பதற்கான ஏற்பாடு. ஆனால் அவளின் பக்கம் நின்று பாருங்கோ. ஒதுங்கி நிற்க அவளுக்கு ஒரு தூணின் நிழல்கூட இல்லை. மாதவியின் வீட்டை நான் அப்படியே நிழலில்லாமல்தான் கீறினேன். கடைசித் திரைக்குப் பின்னால் மட்டும் பாய் விரிக்கிற அளவில் இருட்டறை ஒன்று வைத்தேன். பிறகு அவள் கூந்தலைக் களைந்து புத்த அறத்துக்குப் போகிறாள் அல்லவா, அந்த முடிவை எடுத்த இரவுக்கு ஓர் இடம் வேணும்.

மணிமேகலையின் கதையிலும் இதுபோல ஒரு கட்டடம் இருக்கிறது. உவவனம் என்கிற சோலையில் ஒரு பளிக்கறை, பளிங்கு மண்டபம். சோழ இளவரசன் உதயகுமரன் தேடி வரும்போது மணிமேகலை அதற்குள்தான் போய் மறைகிறாள். உள்ளே நிற்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் வெளியே வராது. அப்படித் தொடங்குகிறவள் பிறகு சிறையில் பசித்தவர்களுக்கு அமுதசுரபியிலிருந்து சோறு போட்டு, அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்குகிறாள். 2009இல் முள்ளுக்கம்பிக்குள் தட்டோடு வரிசையில் நின்றவன் நான். அந்தக் காதையை மற்றவர்கள் வாசிக்கிற மாதிரி என்னால் வாசிக்க முடியாது. மணிமேகலையின் கட்டடத்தில் சிறைச்சுவரை நான் இடிக்கவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. கதவுகளை மட்டும் கழற்றி, நிலத்தில் பலகையாகப் போட்டு, அதில் இலை போட்டிருக்கிறேன். தெருப்பக்கம் யாழ்ப்பாணத்துச் சங்கடப் படலை மாதிரி வாசலுக்கு மேலே ஒரு கூரை, பக்கத்தில் தண்ணீர்ப் பானை. உள்ளே வர விரும்பாதவரும் வெயிலுக்கு நின்று குடித்துவிட்டுப் போகலாம்.

இதையெல்லாம் மருமகளிடம் மூச்சு விடாமல் சொன்னேன். எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது. நேற்றுப் பின்னேரம் புதுத்தாள் ஒன்றில் கீறிக்கொண்டு வந்தாள். ஏழு மாடியும் இல்லை, நெருப்பும் இல்லை. செம்மண் சுவரில் ஒரு சின்ன வீடு, படலை பாதி திறந்தபடி. உள்ளே பாய், கழுவி வைத்த சட்டி. பாயின் ஓரத்தில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில் சிலம்பு, ஒன்றே ஒன்று.

"மற்றது எங்க?" என்று கேட்டேன்.

"அவர் விக்கக் கொண்டு போயிட்டார் மாமா. இன்னும் வரேல்ல."